இரட்டை வில்லைக் கமரா: எந்த வகையைத் தெரிவது?

புகைப்படம் எடுப்பது இன்று மிக எளிதான செயலாகிவிட்டது. கைத்தொலைபேசி வைத்திருப்போர் அனைவரும் படப்பிடிப்பாளரே. ஒரு திருமண வீட்டில் நூறு படங்களை எடுத்துவிட்டு, அவற்றுள் தொண்ணூறைத் திரும்பியும் பாராது விடுவதற்கு எவருக்கும் செலவுமில்லை, சிரமமுமில்லை. அவ்வாறிருந்தும், ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள் தருகின்ற, மின்சாரம் வேண்டாத, அறுபது எழுபது ஆண்டுப் பழைமை வாய்ந்த கமராக்களைத் தேடி வாங்குவோர் பல நாடுகளிலும் இருக்கின்றனர். அக்கமராக்கள் ஆக்கப்பெற்ற காலத்திற் பிறந்திராத இளைஞர் பலரும் அவர்களுள் அடங்குவர்.

இவர்கள் தேடும் கமராக்களுள் முன்வரிசையில் நிற்பது ஜேர்மனியில் ஆக்கப்பெற்ற றொலிபிளெக்ஸ் என்னும் இரட்டை வில்லைக் கமராவாகும். பழைய புகைப்பட நிலையங்களிற் படம் எடுத்துக்கொண்ட முதியோர் இதன் தோற்றத்தை, அல்லது இதனைப் பார்த்துப் பிற நாட்டவர் செய்த கமராக்களின் தோற்றத்தை, நன்கு அறிவர். நிமிர்த்தி வைத்த சிறு பெட்டி. முகப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வில்லைகள். மேலே திறந்து கொள்ளும் மூடி. படப்பிடிப்பாளர் அதனை மார்புக்குக் கீழே பிடித்து, தலை குனிந்து உள்ளே பார்ப்பார்.

ஆனால், றொலிபிளெக்ஸ் என்பது தனி ஒரு கமராவின் பெயரன்று. அது ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அக்குடும்பத்திற் பல வகைகள் பிறந்தன. ஒன்றுக்கு 2.8 எஃப் என்று பெயர், மற்றொன்றுக்கு 3.5 ஈ என்று பெயர், வேறொன்று ஓட்டோமற், இன்னொன்று றீ, எளிய விலைக்கென ஆக்கப்பெற்ற தம்பி றொலிகோர்ட். இவற்றிடையே இன்று விலையளவில் இரு மடங்கு, மும்மடங்கு, சில வேளைகளில் அதற்கு மேலும் வேறுபாடு காணப்படுகிறது. வாங்க விரும்புபவரோ பெரும்பாலும் செல்வந்தர் அல்லர். பல மாதங்கள் சேமித்த பணம் ஒரு கமராவுக்கே போதும். தெரிவு பிழைத்துவிட்டால், மறுமுறை வாங்கும் வாய்ப்பு எளிதில் வாராது. ஆகவே, எந்த வகையைத் தெரிவது என்ற வினா அவருக்கு வெறும் ஆசைக்குரிய வினா அன்று, பொருளாதார வினாவுமாகும்.

இவ்வினாவுக்கு விடை காணுமுன், இக்கமராவின் சிறப்பு எங்கிருந்து வருகிறது என்பதை அறிதல் வேண்டும். இது பயன்படுத்தும் படச்சுருளின் பெயர் 120. அமெரிக்காவின் கொடாக் நிறுவனம் 1901 ஆம் ஆண்டிலே தன் பிரௌனிக் கமரா ஒன்றுக்காக இச்சுருளை வெளியிட்டது. நூற்றிருபது ஆண்டுகள் கடந்தும் இச்சுருள் இன்றும் உற்பத்தியாகிறது. இதில் றொலிபிளெக்ஸ் பதிக்கும் படம் ஏறத்தாழ 56 மில்லிமீற்றர் நீளமும் 56 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட சதுரம். யாவரும் அறிந்த 35 மில்லிமீற்றர்ச் சுருளின் படமோ 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமும் உடையது. பரப்பைக் கணித்துப் பார்ப்பின், சதுரப் படம் மற்றதிலும் மூன்றரை மடங்குக்கு மேற் பெரிது. பெரிய படத்தைப் பெருப்பிக்க வேண்டிய அளவு குறைவு. அதனால் முகத்தின் சுருக்கமும், சேலையின் நெசவும், இலையின் நரம்பும் தெளிவு குன்றாது தாளில் இறங்குகின்றன. நடுத்தர அளவுக் கமரா என்று இதனை அழைப்பதற்கு இவ்வளவே காரணம்.

இங்கே ஒன்றை மனங்கொள்ள வேண்டும். இந்தப் பெரிய சதுரம் குடும்பத்தின் மூத்தவருக்கும் இளையவருக்கும் பொதுவானது. விலை உயர்ந்த 2.8 எஃப் பதிக்கும் அதே அளவுப் படத்தையே விலை குறைந்த றொலிகோர்ட்டும் பதிக்கிறது. எனவே, நடுத்தர அளவின் தலையாய பயன் எந்த வகையை வாங்கினும் கிட்டுகிறது. இனிச் சொல்லப்படும் வேறுபாடுகள் எல்லாம் அதற்கு மேற்பட்டவையே.

இக்குடும்பத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறலாம். போல் பிராங்கே, றைன்ஹோல்ட் ஹைடக்கே என்னும் இருவர் 1920 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பிரௌன்ஷ்வைக் நகரில் ஒரு தொழிலகத்தைத் தொடங்கினர். முதலில் அவர்கள் செய்தவை ஒரு காட்சியை இரு கண்ணாற் காண்பதுபோல ஆழம் தோன்றக் காட்டும் கமராக்கள். அவற்றில் மேல்நோக்கிப் பார்க்கும் கண்ணாடியும் சேர்ந்திருந்தது. அவ்வமைப்பிலிருந்தே, பார்ப்பதற்கு ஒரு வில்லையும் படம் பிடிப்பதற்கு ஒரு வில்லையுமாக அமைந்த றொலிபிளெக்ஸ் உருவாகி, 1929 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. 1932 ஆம் ஆண்டில் 120 சுருளை ஏற்று, பக்கவாட்டில் உள்ள சுழல்கைப்பிடியாற் படத்தை நகர்த்தும் வகை வெளிவந்தது. மறு ஆண்டில் றொலிகோர்ட் பிறந்தது. 1937 ஆம் ஆண்டில் ஓட்டோமற் வந்தது. 1950 களின் நடுப்பகுதியில் ஈ வகையும், 1958 இல் 3.5 எஃப், றீ ஆகியவையும், 1960 இல் 2.8 எஃப் வகையும் வந்தன. 1981 ஆம் ஆண்டில் நிறுவனம் முறிந்தது. பிற்காலத்திற் சிறு தொகையாகச் சில வகைகள் மீண்டும் ஆக்கப்பெற்றபோதிலும், இன்று சந்தையிற் காணப்படுபவற்றுட் பெரும்பாலானவை 1950 களிலும் 1960 களிலும் பிறந்தவையே.

இவ்வகைகளை வேறுபடுத்துவன நான்கு: வில்லை, ஒளிமானி, படச்சுருளை ஏற்றும் முறை, மேற்கண்ணாடியின் அமைப்பு. ஒவ்வொன்றையும் தனித்தனியே நோக்குதல் நன்று.

முதலாவது வில்லை. விலையை உயர்த்துவதும் வாங்குபவரை மயக்குவதும் பெரும்பாலும் இதுவே. ஓட்டோமற், றீ, பிற்கால றொலிகோர்ட் ஆகியவற்றிற் காணப்படுபவை டெஸ்ஸார், ஸெனார் என்னும் வில்லைகள். டெஸ்ஸார் 1902 ஆம் ஆண்டில் ஸைஸ் நிறுவனத்துக்காகப் போல் றுடோல்ப் வகுத்தது. நான்கு கண்ணாடிகளால் ஆனது. ஸெனார் ஷ்னைடர் நிறுவனம் அதே முறையிற் செய்தது. விலை மிகுந்த ஈ, எஃப் வகைகளிற் பிளானர் அல்லது ஸெனோட்டார் இடம் பெறும். இவை ஐந்து கண்ணாடிகளைக் கொண்டவை, 3.5 வகையின் பிற்காலப் பிளானர் ஆறு கண்ணாடிகளைக் கொண்டது.

கண்ணாடிகளின் எண்ணிக்கை கூடினாற் படமும் அத்துணை சிறக்குமோ என்றால், ஓரளவுக்கே சிறக்கும். துவாரத்தை முற்றாகத் திறந்து படம் பிடிக்கும்போது, டெஸ்ஸாரின் மூலைகள் சற்றே மென்மையாகத் தோன்றும். பிளானரின் மூலைகள் கூடிய தெளிவுடன் நிற்கும். துவாரத்தை 8 அல்லது 11 என்னும் அளவுக்குச் சுருக்கிவிட்டால், அச்சிட்ட படத்தைப் பார்த்து இன்ன வில்லை என்று சொல்வது பழகிய கண்ணுக்கும் அரிது. பகல் வெளிச்சத்தில் வீதியையும் வயலையும் கோயிற் கோபுரத்தையும் படம் பிடிப்பவர் பெரும்பாலும் இந்த அளவுகளையே பயன்படுத்துவர். அவர் பிளானருக்கெனக் கொடுக்கும் மேலதிக விலை படத்தில் வெளிப்படுவது குறைவு.

அடுத்து, 2.8, 3.5 என்ற எண்கள். எண் சிறிதாயின் துவாரம் பெரிது. 2.8 வில்லை 3.5 வில்லையிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஒளியை உட்கொள்ளும். மாலை மங்கலிலும் வீட்டினுள்ளும் ஆட்களைப் படம் பிடிப்பவருக்கும், முகத்தைத் தெளிவாக்கிப் பின்னணியைக் கரைத்துவிட விரும்புபவருக்கும் இது மெய்யான பயன். மற்றையோருக்கு அத்துணைப் பயனில்லை. இங்குப் பலரிடமும் ஒரு தவறான எண்ணம் உண்டு. 2.8 வகையில் மேற்கண்ணாடி கூடிய வெளிச்சமாக இருக்கும் என்று அவர்கள் நம்புகின்றனர். உண்மையில், 3.5 ஈ, 3.5 எஃப் வகைகளிலும் பார்ப்பதற்கான மேல்வில்லை 2.8 அளவினதே. படம் பிடிக்கும் கீழ்வில்லையே வேறுபடுகிறது. ஆகவே, குனிந்து பார்ப்பவரின் கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே.

வில்லையோடு தொடர்புடைய மறைமுகச் செலவொன்றும் உண்டு. வெயிலைத் தடுக்கும் மறைப்பும், நிற வடிகட்டியும் வில்லையின் முன்விளிம்பிலுள்ள பூட்டிற் பொருந்த வேண்டும். இப்பூட்டு மூன்று அளவுகளில் வருகிறது. டெஸ்ஸாரும் ஸெனாரும் கொண்ட 3.5 வகைகளுக்கு முதலாம் அளவு. பிளானரோ ஸெனோட்டாரோ கொண்ட 3.5 வகைகளுக்கு இரண்டாம் அளவு, 2.8 வகைகளுக்கு மூன்றாம் அளவு. ஓர் அளவுக்குரியது மற்றொன்றிற் பொருந்தாது. பெரிய அளவுக்குரிய உதிரிப் பொருள்கள் விலை கூடியவை. கமராவின் விலையை மட்டும் எண்ணி வாங்குபவர், இரண்டு வடிகட்டியும் ஒரு மறைப்பும் வாங்கப் புகும்போதே தம் கணக்குப் பிழைத்ததை உணர்வார்.

இரண்டாவது ஒளிமானி. ஈ வகையிற் பலவற்றிலும் எஃப் வகையிலும் மேல்மூடியின் கீழே, பெயர்த்தகட்டின் இடத்தில், செலினியம் என்னும் பொருளால் ஆன ஒளிமானி உண்டு. ஒளி பட்டதும் தானே சிறு மின்னோட்டத்தைப் பிறப்பித்து ஊசியை அசைப்பதால் அதற்கு மின்கலம் வேண்டியதில்லை. ஈ வகையில் ஊசி காட்டும் அளவைப் படித்து, வேகத்தையும் துவாரத்தையும் கையால் அமைக்க வேண்டும். எஃப் வகையில் அவை ஒளிமானியோடு இணைக்கப்பட்டுள்ளன. சக்கரத்தைச் சுழற்றி இரு ஊசிகளையும் ஒன்றாக்கினாற் போதும். எஃப் வகையின் பெருமையுள் ஒரு பகுதி இவ்வமைப்பினாலானது.

ஆனால், செலினியத்துக்கும் முதுமை உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் ஆற்றல் குன்றுகிறது. அறுபது ஆண்டு கழிந்த ஒளிமானி அசைகிறது என்பதால் அது சரியாக அளக்கிறது என்று கொள்ளுதல் கூடாது. வெயிலிற் சரியாகவும் நிழலிற் பிழையாகவும் காட்டுபவை பல. ஆகவே, ஒளிமானிக்கென மேலதிகப் பணம் கொடுப்பது பெரும்பாலும் வீண். கையில் ஏந்தும் தனி ஒளிமானி ஒன்று இருந்தால் அது நம்பகமானது. அதுவும் இல்லையாயின், கைத்தொலைபேசியிலேயே ஒளியை அளக்கும் செயலிகள் இருக்கின்றன. ஒளிமானி செத்துப்போன ஒரு கமரா, அந்த ஒரு காரணத்தால் விலை குறைந்து கிடைக்குமானால், அறிந்தவர் அதனைக் குறையாகக் கொள்ளாது வாய்ப்பாகவே கொள்வர்.

மூன்றாவது படச்சுருளை ஏற்றும் முறை. நாள்தோறும் கையிற் படுகின்ற வேறுபாடு இதுவே. ஓட்டோமற், ஈ, எஃப் ஆகிய வகைகளில் இரு சிறு உருளைகள் உண்டு. சுருளின் காப்புத்தாளை அவற்றின் இடையே செலுத்திப் பின்மூடியை அடைத்துச் சுழற்றினால், தாளோடு படச்சுருள் ஒட்டியிருக்கும் இடத்தின் தடிப்பை உருளைகள் உணர்ந்து முதலாவது படத்தில் தாமே நிறுத்திவிடும். கைப்பிடியை முன்னும் பின்னும் ஒரு தரம் சுழற்றினால், படம் நகர்வதோடு ஷட்டரும் ஏற்றப்படும். மிக நுண்ணிய இவ்வமைப்புக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. தாளை உருளைகளின் இடையே செலுத்த மறந்தாற் கமரா முதற் படத்தைக் கண்டுகொள்ளாது. சுருள் முழுவதும் நில்லாது ஓடிவிடும். றீ வகையிலும் பிற்கால றொலிகோர்ட்டிலும் இந்த உருளைகள் இல்லை. தாளிலுள்ள அம்புக்குறியைக் கமராவிலுள்ள குறியோடு பொருத்திவிட்டு மூட வேண்டும். றொலிகோர்ட்டில் திருகுகுமிழாற் சுருளை நகர்த்தி, வில்லையின் கீழுள்ள நெம்பினால் ஷட்டரைத் தனியே ஏற்ற வேண்டும். இதனால் ஒரு படத்துக்கும் மறு படத்துக்கும் இடையே சில விநாடிகள் கூடும். விளையாட்டுப் போட்டியைப் படம் பிடிப்பவருக்கு அது குறை. மலைத்தோட்டத்தையோ முதியவரின் முகத்தையோ பொறுமையாகப் படம் பிடிப்பவருக்கு அது குறையன்று. பாகங்கள் குறைந்த எளிய பொறியிற் பழுதுறக்கூடியவையும் குறைவு என்பதையும் சேர்த்தெண்ண வேண்டும். எடையிலும் றொலிகோர்ட் இலேசானது, 2.8 எஃப் ஒரு கிலோகிராமுக்கு மேற்பட்டது.

சில எஃப் கமராக்களில் 12, 24 எனப் படத்தொகையை மாற்றும் அமைப்பு உண்டு. 1965 ஆம் ஆண்டில் வந்த 220 என்னும் இரட்டை நீளச் சுருளுக்காக அது ஏற்பட்டது. அச்சுருள் இன்று அரிதாகவே கிடைக்கின்றமையால், இவ்வமைப்பை ஒரு சிறப்பாகக் காட்டி விலை கூறுவோரிடம் எச்சரிக்கை வேண்டும்.

நான்காவது மேற்கண்ணாடி. இக்கமராவிற் காட்சி நிமிர்ந்து தோன்றும்; ஆனால் இடமும் வலமும் மாறியிருக்கும். பழகுவதற்குச் சில நாட்கள் வேண்டும். பழைய வகைகளின் கண்ணாடி ஓரங்களில் இருண்டு காணப்படும். மங்கிய ஒளியிலும், பார்வை குன்றியவருக்கும் இது பெருந்தடை. றீ, எஃப், பிற்கால றொலிகோர்ட் ஆகியவற்றில் மேல்மூடியைக் கழற்ற முடிவதால், வெளிச்சம் கூடிய புதிய கண்ணாடியை எளிதிற் பொருத்தலாம். முந்தியவற்றில் இது திருத்துநரின் வேலை. கண் பார்வையிற் குறையுடையவர் பிளானரா டெஸ்ஸாரா என்று ஆராய்வதிலும் இதனை முன்வைத்து ஆராய்வதே தகும். தெளிவாகக் காண முடியாத காட்சியைக் கூர்மைப்படுத்தவும் முடியாது. கூர்மை பிசகிய படத்தை எந்த வில்லையும் காப்பாற்றாது.

இவ்வளவும் வகைகளுக்கிடையே உள்ள வேறுபாடு. இவற்றை அறிந்தவர் தம் தேவைக்கு ஏற்றதைக் குறித்துக்கொள்ளலாம். ஆனால், சந்தையில் அவர் காண்பது வகையையன்று; தனி ஒரு கமராவையே காண்கிறார். அது எவர் கையில் இருந்தது, எங்கே வைக்கப்பட்டது, கீழே விழுந்ததா, எப்போது கடைசியாகத் துப்புரவு செய்யப்பட்டது என்பனவே அதன் இன்றைய மதிப்பைத் தீர்மானிக்கின்றன. உழவுமாடு வாங்கச் செல்லும் விவசாயி அது எந்த ஊர் இனம் என்று கேட்டதோடு நில்லார். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார். பழைய கமராவையும் அவ்வாறே பார்க்க வேண்டும்.

முதலிற் பார்க்க வேண்டியது வில்லையின் உள்ளே. இலங்கை போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் வாழ்வோருக்கு இது மிக முக்கியம். ஈரக்காற்றில், இருண்ட இடத்தில், தோலுறையினுள் ஆண்டுக்கணக்காகக் கிடந்த கமராவின் வில்லையிற் பூஞ்சணம் படரும். சிலந்தி வலை போன்ற நூல்களாக அது தோன்றும். தொடக்கத்திலேயே கண்டால் துடைத்தெடுக்கலாம். நாட்பட்டாற் கண்ணாடியின் மேற்பூச்சையும், பின்னர்க் கண்ணாடியையுமே அரித்துவிடும். இதனைக் கண்டறியும் வழி எளிது. படச்சுருள் இல்லாத கமராவின் பின்மூடியைத் திறந்து, துவாரத்தை முற்றாக விரித்து, ஷட்டரை பி என்ற குறியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு கைவிளக்கின் ஒளியை வில்லையினூடு சாய்வாகச் செலுத்திப் பார்க்க வேண்டும். நூல் போன்ற கோடுகளும், புகைமூட்டம் போன்ற மங்கலும், ஒட்டிய கண்ணாடிகள் பிரிந்ததைக் காட்டும் வானவில் நிற வட்டங்களும் அப்போது புலப்படும். சிறு தூசி சிலவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இரண்டாவது, ஷட்டரைக் காதாற் சோதித்தல். 1950 களிலும் 1960 களிலும் வந்த றொலிபிளெக்ஸ் வகைகளிற் பெரும்பாலும் உள்ளது சிங்குரோ கொம்பூர் ஷட்டர். ஒரு விநாடியிலிருந்து விநாடியின் ஐந்நூற்றிலொரு பங்கு வரை இயங்குவது. விரைந்த வேகங்கள் பழைய கமராவிலும் கேட்பதற்குச் சரியாகவே இருக்கும். பழுது வெளிப்படுவது மெதுவான வேகங்களிலேதான். ஒரு விநாடியில் வைத்து அழுத்தினால், உள்ளிருக்கும் சிறு பற்சக்கரங்களின் ஓசை ஒரே சீராகக் கேட்டு முடிய வேண்டும். இடையில் இழுபட்டால், அல்லது தயங்கி நின்று பின் மூடினால், உள்ளிருக்கும் எண்ணெய் இறுகிவிட்டது என்பது பொருள். தானே படம் பிடிக்கும் தாமத நெம்பைப் பழைய கமராவிற் சோதிக்காமல் விடுவதே நன்று. அது இடையிற் சிக்கினாற் ஷட்டர் முழுவதும் நின்றுவிடக்கூடும்.

மூன்றாவது, கமரா விழுந்ததா என்பது. வில்லைகளைத் தாங்கும் முன்பலகை கூர்மைக் குமிழைச் சுழற்றும்போது முன்னும் பின்னும் நகர்கிறது. அப்பலகைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடைவெளி நான்கு மூலைகளிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஒரு மூலையிற் சிறிது கூடினாலும், படத்தின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் விழும். குமிழ் மென்மையாகச் சுழலுகிறதா, ஓரிடத்தில் இறுகுகிறதா என்பதையும் கவனித்தல் வேண்டும். வெளிப்பூச்சு விளிம்புகளில் தேய்ந்திருத்தல் குறையன்று. உழைத்த கமராவுக்கு அது இயல்பு. மூலை நசுங்கியிருத்தலே அஞ்சத்தக்கது.

நான்காவது, ஒரு சுருளை ஏற்றிப் படம் பிடித்துப் பார்த்தல். விற்பவர் இதற்கு இணங்கினால் அதனிலும் சிறந்த சோதனை வேறில்லை. பன்னிரண்டு படங்களுக்கும் இடையே இடைவெளி சீராக உள்ளதா, ஓரங்களில் வெளிச்சம் கசிந்துள்ளதா, கூர்மைப்படுத்திய இடமே கூர்மையாக விழுந்துள்ளதா என்பன யாவும் அந்த ஒரு சுருளில் வெளிப்பட்டுவிடும். நேரிற் காணாது தொலைவிலிருந்து வாங்குபவர், திருப்பியனுப்பும் உரிமையை முன்னரே உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். பாட்டனாரின் அலுமாரியில் நாற்பது ஆண்டு கிடந்தது, சோதிக்கப்படவில்லை என்று ஒருவர் எழுதினால், அதனைப் புத்தம் புதிது என்று வாசிக்கக் கூடாது. நாற்பது ஆண்டு எண்ணெயிடப்படாதது என்றே வாசிக்க வேண்டும்.

இப்போது ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். ஒருவர்முன் மூன்று கமராக்கள் வைக்கப்படுகின்றன. ஒன்று 2.8 எஃப், தோற்றத்திற் பளபளப்பானது, ஆனால் ஒரு விநாடியில் ஷட்டர் இழுபடுகிறது, வில்லையின் ஓரத்திற் பூஞ்சணத்தின் சாயல் தெரிகிறது. மற்றொன்று பிளானர் வில்லை கொண்ட 3.5 ஈ, ஒளிமானி இயங்கவில்லை, விளிம்புகளிற் கறுப்புப் பூச்சுத் தேய்ந்துள்ளது, ஆனால் அண்மையில் துப்புரவு செய்து எண்ணெயிடப்பட்டது. மூன்றாவது பிற்கால றொலிகோர்ட், வில்லை தெளிவு, ஷட்டர் சீர், விலையோ முதலாவதன் ஒரு சிறு பங்கு.

பெயரைக் கண்டு தெரிபவர் முதலாவதை எடுப்பார். அதன்பின் திருத்துநரைத் தேடுவார். இக்கமராக்களுக்கு வேண்டிய பாகங்களுட் பல இன்று புதிதாக ஆக்கப்படுவதில்லை. பழுதான மற்றொரு கமராவைக் கழற்றியே எடுக்க வேண்டியிருக்கும். திருத்தம் அறிந்தவரும் எல்லா ஊரிலும் இல்லை. கமராவைக் கடல் கடந்து அனுப்ப நேர்ந்தால், அனுப்பும் செலவும் திருத்தும் செலவும் சேர்ந்து ஒரு நல்ல றொலிகோர்ட்டின் விலையை எட்டிவிடக்கூடும். நிலையை நோக்கித் தெரிபவர் இரண்டாவதை எடுப்பார். அன்றே சுருளை ஏற்றி வெளியே புறப்படுவார். கையிருப்புக் குறைந்தவரோ மூன்றாவதை எடுப்பார். விரலுக்குத் தகுந்த வீக்கமே நன்று என்பது பழமொழி. மீதிப் பணத்தில் அவர் இருபது சுருள்கள் வாங்கினால், அவை இருநூற்று நாற்பது படங்கள். அந்த இருநூற்று நாற்பது படங்கள் கற்றுக்கொடுப்பதை எந்த வில்லையும் கற்றுக்கொடாது.

எனினும், முதலாவதைத் தெரிவதற்கும் நியாயமான வேளைகள் உண்டு. மங்கிய ஒளியில் ஆட்களைப் படம் பிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர், 2.8 வில்லையின் பயனை நாள்தோறும் பெறுபவர், வாங்கிய விலையோடு திருத்தச் செலவையும் முன்னரே கணக்கிட்டு ஒதுக்கியவர், அதனை வாங்கலாம். அவர் பெயருக்காக வாங்கவில்லை; வேலைக்காகவே வாங்குகிறார்.

வகைகளைப் பற்றிய வாதம் முற்றும்போது நினைவு கொள்ளத்தக்கவர் விவியன் மையர் என்னும் பெண்மணி. 1926 இற் பிறந்து 2009 இல் மறைந்த அவர், அமெரிக்காவில் பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பராமரித்துச் சீவித்தவர். ஓய்வு வேளைகளில் றொலிபிளெக்ஸ் கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நியூயோர்க், சிக்காகோ நகரங்களின் வீதிகளில் நடந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைப் பிடித்தார். அவற்றுட் பெரும்பாலானவற்றை அவர் எவருக்கும் காட்டியதாகத் தெரியவில்லை. 2007 ஆம் ஆண்டிற் சிக்காகோவில் அவருடைய பொருள்கள் அடங்கிய பெட்டிகள் ஏலத்தில் விற்கப்பட்டபோதே அப்படங்கள் வெளியுலகுக்குத் தெரியவந்தன. ஆண்டுகள் தோறும் அவர் ஒன்றன்பின் ஒன்றாக றொலிபிளெக்ஸின் பல வகைகளைக் கையாண்டவர். இன்று காட்சிச் சாலைகளில் அப்படங்களின் முன் நிற்போர் எவரும், இது 2.8 இற் பிடித்ததா 3.5 இற் பிடித்ததா என்று கேட்பதில்லை. வீதியோரத்தில் அழுது நிற்கும் குழந்தையின் முகத்தையே பார்க்கின்றனர்.

வாங்கிய பின்னரும் ஒரு கடமை எஞ்சுகிறது. தோலுறை அழகானது, ஆயினும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வது. கமராவை அதனுள் நிரந்தரமாக அடைத்து வைத்தலாகாது. காற்றுப் புகாத பெட்டியொன்றில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைத்தலே இலங்கையின் காலநிலைக்கு ஏற்றது. மணிகளை இடையிடையே சூடாக்கி உலர்த்த வேண்டும். உள்ளிருக்கும் சாய்வுக் கண்ணாடியின் முகப்பிலேயே வெள்ளிப்பூச்சு இருப்பதால், அதனைத் துணியால் அழுத்தித் துடைத்தலாகாது. மாதத்தில் ஒரு தரமாவது சுருளின்றியேனும் எல்லா வேகங்களிலும் ஷட்டரை இயக்க வேண்டும். ஓடும் வண்டிக்குத் துரு ஏறாது என்பது கமராவுக்கும் பொருந்தும்.

ஆகவே, எந்த வகையைத் தெரிவது என்று கேட்பவருக்குரிய விடை இதுவாகும். முதலில் தாம் எடுக்கப்போகும் படம் எது என்று தெளிதல் வேண்டும். அதற்கு எது போதுமோ அவ்வகையைக் குறித்துக்கொண்டு, அவ்வகையிலே கைக்கெட்டிய விலையில் மிக நல்ல நிலையிலுள்ள கமராவைத் தேட வேண்டும். உயர்ந்த வகையின் நலிந்த கமராவிலும், எளிய வகையின் திடமான கமராவே மேலானது. திருத்தச் செலவுக்கும் சுருளுக்கும் பணத்தை ஒதுக்கிய பின் எஞ்சுவதே கமராவின் விலை. இந்த ஒழுங்கில் எண்ணித் தெரிபவர் கையில் எழுபது ஆண்டுப் பழைமை வாய்ந்த பெட்டி இன்னும் பல்லாண்டு உழைக்கும். வீட்டிலுள்ள மூத்தோரின் முகங்களையும், வளர்ந்துவரும் குழந்தைகளின் முகங்களையும் அது தெளிவுறப் பதித்துக் கொடுக்கும்.